கிளிஃப் ரிச்சர்ட் திரும்பி வந்த ஆல்பம்: நம்ம வட ஆற்காட்டில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

ஜோலார்பேட்டைக்காரன்:

பழைய பாடகர் பல வருஷம் கழித்து வந்தால் பழைய பாட்டையே மறுபடி பாடுவார் என்றுதான் எதிர்பார்ப்போம். பிரிட்டிஷ் பாப் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் 1976-ல் வெளியிட்ட 'ஐம் நியர்லி ஃபேமஸ்' அப்படிப்பட்டதில்லை. என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன்.

அப்பா ஜோலார்பேட்டை லோகோ ஷெட்டில் ஃபிட்டர். ரயில்வே காலனியில் எதிர் குவாட்டர்ஸில் ஒரு ஆங்கிலோ இந்திய டிரைவர் குடும்பம். ஊரார் சட்டைக்காரர் வீடு என்பார்கள், எங்களுக்கு அங்கிள், ஆன்ட்டி. தீபாவளிக்கு எங்கள் அதிரசம் அங்கே போகும், கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கல்கல் வரும்.

அந்த வீட்டில் கிளிஃப் என்றால் சொந்தக்காரப் பையன் மாதிரி. 1940-ல் லக்னோவில் ஹாரி வெப் என்ற பெயரில் பிறந்தவர். அவர் அப்பாவுக்கு ரயில்வே கேட்டரிங்கில் உத்தியோகம். 1948-ல் குடும்பமே கப்பலேறி இங்கிலாந்து போய்விட்டது. "ரயில்வே வீட்டுப் பையன்டா அவன்" என்பார் அங்கிள். 1958-ல் பதினேழு வயதில் 'மூவ் இட்' பாடிப் பெயர் வாங்கியதை, பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் போலச் சொல்வார். சிலோன் ரேடியோவில் கிளிஃப் பாட்டு வந்தால் அந்த வீட்டில் யாரும் பேசக்கூடாது.

அப்புறம் சரிவு. 1968-ல் 'கங்கிராஜுலேஷன்ஸ்' பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் வந்தது. அதன்பிறகு வருஷக்கணக்கில் முதலிடமே இல்லை. 1975-ல் வந்த இசைத்தட்டுகள் அந்தப் பட்டியலுக்குள்ளேயே நுழையவில்லை.

1976 ஆல்பத்தின் எல்பி தட்டு எங்கள் காலனிக்கு வர நாளாயிற்று. ஆஸ்திரேலியாவில் குடியேறிய அவர்கள் மூத்த மகள் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தார். நாங்களும் போய் உட்கார்ந்தோம். 'டெவில் வுமன்' தொடங்கியதும் அங்கிள் முகம் மாறிவிட்டது. பேய், பிசாசு என்று பாடுகிறானே, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற பையனாச்சே என்று எழுந்து வெளியே போய்விட்டார். ஆன்ட்டி மட்டும் நகரவில்லை. "அந்தப் பொம்பளைகிட்ட மாட்டிக்காதேன்னு எச்சரிக்கத்தானே பாடுறான், முழுசாக் கேளுங்க" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார். 'மிஸ் யூ நைட்ஸ்' வந்ததும் அங்கிள் தானாகவே உள்ளே வந்து, ஊசியை எடுத்து அதே பாட்டை மறுபடி வைத்தார்.

எனக்கு அன்று ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. குரல் மாறியிருந்தது மட்டும் நன்றாகப் புரிந்தது. பழைய தட்டுகளில் அவருடைய பக்கவாத்தியக் குழுவான ஷாடோஸின் கிடார் முன்னால் துள்ளும். இதில் வாத்தியங்கள் விலகி இடம் விட்டுத் தருகின்றன. கிளிஃப் மைக்குக்கு மிக அருகில் நின்று, மெல்லிய குரலை மேலே ஏற்றிப் பாடுகிறார். ஆல்பத்தைத் தயாரித்தவர் அதே ஷாடோஸின் கிடார்காரர் புரூஸ் வெல்ச். பழைய கூட்டாளியே பழைய சத்தத்தை ஓரம்கட்டிவிட்டு, வேறு ஆட்கள் எழுதிய பாட்டுகளைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அவ்வளவு புகழ் பார்த்த கிளிஃப் அதற்கு இணங்கிப் பாடியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 'டெவில் வுமன்' அமெரிக்காவில் ஆறாவது இடம் வரை போனது. அங்கே அவர் முதல் பத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

அரக்கோணத்திலிருந்து:

அண்ணே, ஒத்துக்க மாட்டேன். 1979 'வீ டோன்ட் டாக் எனிமோர்'தான் நிஜமான திரும்பி வரவு. பதினோரு வருஷம் கழிச்சு முதலிடம், அதுவும் நாலு வாரம். எங்க ஊர்ல ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட் எழுதிக் குடுத்தா காலி கேசட்ல போட்டுத் தருவாங்க. ஒரு பக்கம் இளையராஜா, மறுபக்கம் கிளிஃப்னு நான் போட்டு வாங்குவேன். கடைக்கார அண்ணன் அந்தப் பாட்டுக்கு அடிமையாகி எல்லார் கேசட்லயும் கடைசியில மிச்சம் இருக்கிற இடத்துல அதைச் சேர்த்துடுவார். முருகன் பக்திப் பாட்டு கேசட்ல கூட வந்திருக்கு. ரயில்வே இன்ஸ்டிடியூட்ல கிறிஸ்துமஸ் டான்ஸ் நடந்தா நாங்க சன்னல் பக்கம் நின்னு கேப்போம். அங்க எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க்ங்கிற இன்னொரு இங்கிலீஷ் பாடகரோட ரசிகருங்க ஒரு கூட்டம், அவர் மெட்ராஸ்ல பொறந்தவர்னு அவங்களுக்குப் பெருமை. ரெண்டு கோஷ்டிக்கும் பாட்டு மாத்தறதுல சண்டையே வரும்.

சத்துவாச்சாரியிலிருந்து:

நான் கேட்டது இன்னும் பின்னால், 2018-ல் வந்த 'ரைஸ் அப்'. என்னைவிட என் பெரியப்பாதான் இதை எழுத வேண்டியவர், இப்போது அவர் இல்லை.

பெரியப்பா ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். பணம் குறைகிறது என்று அவர்மேல் பழி வந்தது. விசாரணையில் ஒன்றுமில்லை என்று ஆனது. ஆனாலும் அதற்குப் பிறகு வேலூர் லாங் பஜாரில் தெரிந்தவர்களைப் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பார். வாலிபத்தில் கிளிஃப் பாட்டு என்றால் உயிர் அவருக்கு. 2014-ல் ஒரு புகாரின் பேரில் கிளிஃப் வீட்டைப் போலீஸ் சோதனை போடுவதை பிபிசி ஹெலிகாப்டர் வைத்து ஒளிபரப்பியது. அந்தச் செய்தியைப் பார்த்த நாளில் அவர் சாப்பிடவேயில்லை. கிளிஃபைக் கைது செய்யவுமில்லை, வழக்குப் போடவுமில்லை. 2018 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம், பிபிசி அவருடைய அந்தரங்க உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்து 2,10,000 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து எங்கள் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

நவம்பரில் ஆல்பம் வந்தது. புதுப் பாட்டுகளாகவே கிளிஃப் ஆல்பம் போட்டுப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. கிளிஃபுக்கு வயது 78. என் போனில் போட்டுக் காதில் மாட்டிவிட்டேன். முதுமை தெரிகிற குரல்தான், சில இடங்களில் கரகரக்கிறது. ஆனால் சுருதி விலகவில்லை. பெரியப்பா முழுதும் கேட்டுவிட்டு, "கோபமே இல்லாமப் பாடியிருக்கான் பாரும்மா" என்றார். அந்த வாரமே லாங் பஜாருக்குக் கூட்டிப்போகச் சொன்னார். தனக்குப் பழக்கமான ஒவ்வொரு கடையிலும் நின்று பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

ஜோலார்பேட்டைக்காரன்:

அம்மா, உங்கள் பெரியப்பாவை நான் பார்த்ததில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. ஒரு தகவல் சேர்க்கிறேன். 'ரைஸ் அப்' பாட்டை எழுதிய இருவரில் ஒருவர் டெரி பிரிட்டன். 1976-ல் 'டெவில் வுமன்' எழுதியதிலும் அவர் கை உண்டு. 1984-ல் அமெரிக்கப் பாடகி டினா டர்னர் தன் 44-ஆவது வயதில் திரும்பி வந்தாரே, அந்தப் புகழ்பெற்ற 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' பாட்டையும் 'ரைஸ் அப்' எழுதிய இதே இரண்டு பேர்தான் எழுதினார்கள்.

அரக்கோணம் தம்பி, முதலிடம் 1979-ல் வந்தது சரிதான். அதற்கு வழி போட்டது 1976 ஆல்பம், 79 பாட்டையும் தயாரித்தவர் அதே புரூஸ் வெல்ச். இதற்குப் பதில் சொல்லுங்கள் பார்ப்போம். காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை ஆட்களும் எழுதுங்கள்.