க்ரூகருக்கு டூரில் போவதா, நாமே ஓட்டிப் போவதா? (உதவி தேவை)

சாட்ஸ்வர்த் மருமகள்:
வணக்கம். செப்டம்பர் கடைசிப் பள்ளி விடுமுறையில் தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து க்ரூகர் வனவிலங்குப் பூங்காவுக்குப் போக நினைக்கிறோம். வீட்டில் 8 பேர். மாமா குடும்பமும் வந்தால் 13. தாத்தாவுக்கு முழங்கால் வலி, கடைக்குட்டிக்கு 4 வயது. ஒரு டூர்க்காரர் பேருந்து, தங்குமிடம், காலைச் சாப்பாடு, மிருகம் பார்க்க ஒரு திறந்த வண்டிச் சவாரி எல்லாம் சேர்த்து 4 நாளுக்கு விலை சொல்லியிருக்கிறார். நாமே வேன் எடுத்தால் சமாளிக்க முடியுமா? புரட்டாசி என்பதால் எல்லோரும் சைவம்.

ஃபீனிக்ஸ் ஓட்டுநர்:
அக்கா, விலையைப் பிறகு பாருங்கள். முதலில் ஓட்டப்போவது யார் என்று முடிவு செய்யுங்கள். எந்த வழியில் போனாலும் பூங்காவின் தெற்கே உள்ள மலலேன் வாசலுக்கு 600 முதல் 700 கிலோமீட்டர். நின்று நின்று போனால் முழுப் பகலும் ஆகிவிடும். வழியில் பொங்கோலா, பீட் ரெடீஃப் ஊர்கள் பக்கம் நிலக்கரி லாரிகள் ஓயாமல் ஓடும். அங்கே இருட்டில் ஓட்டவே கூடாது. பக்கத்து நாடான எஸ்வாத்தினி (பழைய ஸ்வாசிலாந்து) வழி தூரம் குறைவு. ஆனால் எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், வாடகை வண்டி என்றால் எல்லை தாண்ட நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். மாறி மாறி ஓட்ட இரண்டு பேர் இல்லையென்றால் டூரிலேயே போங்கள்.

13 பேருக்கும் ஒரே குவாண்டம் (டொயோட்டாவின் பெரிய வேன்) என்று யோசிக்காதீர்கள். ஓட்டுநரையும் சேர்த்து 12 பேரோ அதற்கு மேலோ உட்காரும்படி அமைந்த வேனை ஓட்டத் தொழில்முறை ஓட்டுநர் அனுமதி வேண்டும். சாதாரண உரிமம் போதாது. விபத்து நடந்தால் காப்பீடும் கைவிட்டுவிடலாம். இரண்டு ஏழு இருக்கை வண்டிகள் எடுப்பது நல்லது. தாத்தாவும் குழந்தையும் களைத்துப்போனால் ஒரு வண்டி முகாமுக்கு (பூங்காவுக்குள் தங்கும் இடம்) திரும்பலாம், மற்றது தொடர்ந்து சுற்றலாம். சொந்தமாகப் போவதில் உங்கள் குடும்பத்துக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். பேருந்தில் ஒரு குழந்தை அழுதால் 40 பேரும் பொறுக்க வேண்டும், அல்லது நீங்கள் அவர்களுக்காகப் பொறுக்க வேண்டும்.

பூங்காவுக்குள் எல்லோரும் தவறுவது தூரக் கணக்கில்தான். தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகம் அனுமதி. மிருகம் பார்த்து நின்று போகும்போது சராசரி 25-க்கு மேல் வராது. ஸ்குகுசா முகாமிலிருந்து லோவர் சாபி முகாம் சுமார் 45 கிலோமீட்டர்தான், அதற்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மலலேனில் நுழைந்து அன்றைக்கே சதாரா முகாமுக்குப் போக வேண்டும் என்றால் 150 கிலோமீட்டருக்கு மேல். எதையும் பார்க்காமல் ஓட வேண்டியிருக்கும். முதல் இரவு வாசலை ஒட்டியுள்ள பெர்க்-என்-டால் முகாமில் தங்கிவிட்டு, அடுத்த இரண்டு இரவுகளை லோவர் சாபியில் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் முகாம் வாசல் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். தாமதமானால் அபராதம்.

லெனேசியா அண்ணன்:
டூர்க்காரரிடம் இவற்றையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். தங்குமிடம் பூங்காவுக்கு உள்ளேயா, வெளியேயா? வெளியே ஹேஸிவியூ ஊரில் என்றால் விடுமுறைக் காலையில் வாசல் வரிசையிலேயே நல்ல நேரம் போய்விடும். பூங்காக் கட்டணம் விலையில் சேர்ந்ததா? பெரிய பேருந்து தார்ச்சாலையை விட்டு அதிகம் இறங்காது என்பதால், சுற்றுவது எந்த வண்டியில்? 4 நாள் என்கிறாரே, அதில் இரண்டு நாள் பயணத்துக்கே சரி. வழிகாட்டி பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். அட்டையும் பேட்ஜும் வைத்திருப்பார்.

அந்தத் திறந்த வண்டிச் சவாரியைத் தனியாகக் கேளுங்கள். பூங்கா நிர்வாகம் நடத்தும் சவாரிகளில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றுவதில்லை. கடைக்குட்டியோடு ஒருவர் பின்தங்க வேண்டியதுதான். தாத்தாவுக்கும் அந்த உயரப் படி ஏறுவது கஷ்டம். நீங்களே ஓட்டிப் போனாலும் முகாமில் ஒரு மாலைச் சவாரிக்குப் பதிவு செய்யுங்கள். வாசல் மூடியபின் வெளியே இருக்க நிர்வாக வண்டிக்குத்தான் அனுமதி, இரவு மிருகங்களை வேறு வழியில் பார்க்க முடியாது.

சைவச் சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள குடில் எடுங்கள். சில குடில்களுக்குப் பொதுச் சமையலறைதான், முன்பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தப் பாத்திரம், ஊறவைத்த பீன்ஸ், ரொட்டி மாவு கையோடு இருந்தால் கவலையில்லை. உணவை வராந்தாவில் விடாதீர்கள், குரங்கும் பபூன் என்னும் பெரிய குரங்கும் குளிர்பெட்டியையே திறந்துவிடும். முன்பதிவு 11 மாதம் முன்பே தொடங்குகிறது, விடுமுறை நாட்கள் சீக்கிரம் நிரம்பும். நிரம்பியிருந்தாலும் ரத்தாகும் இடங்கள் திரும்ப வரும். தினமும் ஒருமுறை பாருங்கள்.

டோங்காட் மருந்தகம்:
மலேரியா பற்றி யாரும் சொல்லவில்லையே! ஆபத்துக் காலம் செப்டம்பரில் தொடங்கி மே வரை. அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற மலேரியா தடுப்பு மாத்திரையைப் போவதற்கு 1 அல்லது 2 நாள் முன் தொடங்கி, திரும்பியபின் 7 நாள் வரை தினமும் சாப்பிட வேண்டும். இன்னொரு தடுப்பு மருந்தான டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பியபின் 4 வாரம். அது 8 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆகாது. பிள்ளைக்கு எடை பார்த்து மருத்துவர் அளவு தருவார். தாத்தா ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டு போங்கள். ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால் சளி என்று விடாமல் அன்றைக்கே ரத்தம் சோதியுங்கள்.

சாட்ஸ்வர்த் மருமகள்:
மிக்க நன்றி. கணவரும் மைத்துனரும் ஓட்டுவார்கள், எனவே இரண்டு வண்டியில் நாமே போகிறோம். டூருக்கு முன்பணம் கட்டிவிட்டோம், திரும்பக் கிடைக்குமா?

லெனேசியா அண்ணன்:
கிடைக்கும், ஆனால் முழுதாக வராது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி முன்பதிவை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. டூர்க்காரர் நியாயமான ரத்துக் கட்டணம் மட்டுமே பிடிக்கலாம். எவ்வளவு முன்னதாகச் சொல்கிறீர்கள், அந்த இடங்களை அவர் வேறு ஆட்களுக்கு விற்க முடியுமா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். அதனால் இன்றைக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள், தொலைபேசியில் சொல்லி விடாதீர்கள். கட்டணத்தை எப்படிக் கணக்கிட்டார் என்றும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.