ஜிக்ல இருக்குற வீட் கார்டை வெட்டலாமா, அப்படியே விடணுமா?

பீனிக்ஸ்_தம்பி
எல்லாருக்கும் வணக்கம். இங்க தென்னாப்பிரிக்காவுல அக்டோபர், நவம்பர் ரெண்டு மாசமும் ஷாட்ங்கற கடல் மீனைப் பிடிக்கத் தடைங்கறதால கடல் பக்கம் போகாம டர்பன் பக்கத்துல இருக்குற இனாண்டா டேமுக்கு பாஸ் மீன் பிடிக்கப் போயிட்டு இருக்கேன். அரை அவுன்ஸ் ஜிக் (ஈயத் தலை வச்ச தூண்டில் முள்ளு), பாக்கெட்ல இருந்து எடுத்து அப்படியே கட்டினேன். போன சனிக்கிழமை காலைல ஆகாயத்தாமரை ஓரமா போட்டதுல அஞ்சு கடி, லைன் பக்கவாட்டுல ஓடறது கண்ணுக்கே தெரியுது, ஆனா சுண்டி இழுத்தா ஒண்ணே ஒண்ணுதான் கைக்கு வந்துச்சு, மத்த நாலும் ரெண்டு செகண்டு பாரமா இருந்துட்டு விட்டுட்டுப் போயிடுச்சு. முள்ளு செடியில மாட்டாம இருக்க அதுக்கு முன்னாடி துடைப்பம் மாதிரி நிக்குதே அந்த நைலான் கத்தை, வீட் கார்டு, அதுதான் ரொம்ப விறைப்போன்னு தோணுது. வெட்டிடலாமா?

மெரீபேங்க்_தூண்டில்
வெட்டாதீங்க தம்பி. கார்டை வெட்டிட்டு தண்ணிக்குள்ள நிக்கிற பட்ட மரத்துல போட்டு ஒரே காலைல ஆறு ஜிக்கை அங்கயே விட்டுட்டு வந்தவன் சொல்றேன். ஜிக் போறதுகூட பெருசில்ல, மாட்டினதை எடுக்க படகை அது மேலயே கொண்டு போகணும், போனா அந்த மரத்துல நின்ன மீன் ஒண்ணு பாக்கி இல்லாம ஓடிடும், அன்னைக்கு அந்த இடம் முடிஞ்சுது. உங்க ராடு என்ன, லைன் என்ன? தொளதொளன்னு இருக்குற ராடுல சுண்டினா பாதி பலம் ராடு வளையறதுலயே போயிடும். முள்ளை கட்டைவிரல் நகத்துல வச்சு லேசா இழுத்துப் பாருங்க, வழுக்கினா மொன்னை. முதல்ல அதெல்லாம் பாருங்க, கத்தரிக்கோலை அப்புறம் எடுக்கலாம்.

மாரிட்ஸ்பர்க்_பாஸ்
அண்ணே சொல்றதுல ராடு விஷயம் சரி, ஆனா கார்டைத் தொடவே கூடாதுங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். கடையில வர்றதுல கார்டு வேணும்னே நீளமாவும் கத்தையாவும் இருக்கும், வாங்கறவன் அவன் மீன் பிடிக்கிற இடத்துக்கு ஏத்த மாதிரி குறைச்சுக்கட்டும்னுதான். 1928ல இந்த நாட்டுக்கு வந்த மீனு லார்ஜ்மவுத் பாஸ், அதைப் பிடிக்கிற இந்த ஜிக்கும் அமெரிக்காக்காரன்கிட்ட இருந்து வந்ததுதான். அவனே படகுல ஏறும்போது பக்கத்துல ஒரு நகவெட்டி வச்சிருப்பான், நாம மட்டும் ஏன் பாக்கெட்ல வந்ததை சாமி பிரசாதம் மாதிரி அப்படியே வச்சுக்கணும்?

பீனிக்ஸ்_தம்பி
ராடு 7 அடி மீடியம் ஹெவி (நடுத்தரத்தைவிடக் கொஞ்சம் விறைப்பு), லைன் 20 பவுண்டு ஃப்ளோரோகார்பன் (தண்ணியில அவ்வளவா தெரியாத ஒத்தை நரம்பு). முள் நகத்துல குத்தி நிக்குது, வழுக்கல. பொறுமை இல்லாம நேத்து ராத்திரியே ஒரு ஜிக்ல கார்டை நகவெட்டியால நல்லா குட்டையாக்கிட்டேன். இப்போ நுனியில விரலை வச்சு அழுத்தினா முன்னைவிட விறைப்பா இருக்கு! குறைச்சா இளகத்தானே செய்யணும்?

மாரிட்ஸ்பர்க்_பாஸ்
இதுதான் நிறைய பேரு பண்ற தப்பு தம்பி. ஒரு முனையை இறுக்கிப் பிடிச்ச குச்சியை இன்னொரு முனையில அழுத்திப் பாருங்க, குச்சி குட்டையாக ஆக வளைக்கறது கஷ்டம், அதுவும் நீளத்தை மூணு தடவை பெருக்கினா வர்ற கணக்குல ஏறும். 3 செ.மீ. நார் 2.4 செ.மீ. ஆனா நுனியில வளைக்க ஏறக்குறைய ரெண்டு மடங்கு பலம் வேணும். அஞ்சுல ஒரு பங்கு வெட்டினாலே விறைப்பு ரெண்டு மடங்கு. எண்ணிக்கை அப்படி இல்ல, 30 நார்ல 10 எடுத்தா விறைப்பும் சரியா மூணுல ஒரு பங்கு குறையும். இளகணும்னா நாரை எண்ணிக்கையில குறைங்க, நீளத்துல கை வைக்காதீங்க.

மெரீபேங்க்_தூண்டில்
கணக்கு சரி, இடம் தப்பு. மீன் வந்து நுனியிலயா அழுத்துது? அதோட வாய் அழுத்தறது முள்ளு நுனி இருக்குற உயரத்துல. அதுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்குறதை வெட்டினாலும் வெட்டாட்டியும் அந்த இடத்துல விறைப்பு ஒண்ணுதான். தம்பி விரலை நுனியில வச்சு அழுத்தினதால மாறின மாதிரி தெரிஞ்சுது.

மாரிட்ஸ்பர்க்_பாஸ்
நியாயம்ணே, இதை நான் யோசிக்கல, ஒத்துக்கறேன். ஆனா அப்படின்னா இன்னும் தெளிவாகுதே, நீளத்தை வெட்டினா இளகவே இளகாது. கார்டை முள்ளு பக்கமா வளைச்சுப் பிடிச்சு, முள்ளு நுனியைத் தாண்டி ஒரு 4, 5 மி.மீ. விட்டு வெட்டினா போதும். அதுக்குக் கீழ இறங்கினா கிளை நேரா முள்ளுலதான் வந்து உக்காரும், விறைப்பும் போகாது பாதுகாப்பும் இருக்காது, ரெண்டும் கெட்டுப் போச்சு.

டோங்காட்_அக்கா
ரெண்டு பேரும் விறைப்பு விறைப்புன்னே பேசறீங்க, நாரு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு யாரும் கேக்கலையே? டப்பாவுல மாசக்கணக்கா கிடந்தா கத்தை ஒரு பக்கமா படுத்துடும், அப்ப எத்தனை நார் இருந்தாலும் முள்ளு திறந்துதான் கிடக்கும். ஒரு டம்ளர் சூடான தண்ணியில கார்டை மட்டும் கொஞ்ச நேரம் முக்கி, வெளிய எடுத்து விரலால நடுவுல பிரிச்சு முள்ளுக்கு ரெண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிச்சுப் பிடிங்க, ஆறினதும் அப்படியே நிக்கும். கிளை பக்கவாட்டுல வந்தாலும் தடுக்கும், மீன் வாய் மேல இருந்து அழுத்தினா நடுவுல எதிர்ப்பு கம்மி. நான் இதைப் பண்ணிட்டுத்தான் நாரை எடுக்கணுமா வேணாமான்னே முடிவு பண்ணுவேன். எடுக்கணும்னா குறடு வச்சு பிடுங்காதீங்க தம்பி, அடியில பசை விட்டுப்போய் மொத்தக் கத்தையும் கையோட வந்துடும். சின்ன கத்தரிக்கோலால ஈயத்தை ஒட்டி ஒவ்வொண்ணா வெட்டுங்க, நாலு வெட்டினதும் நிறுத்தி அழுத்திப் பாருங்க.

பீனிக்ஸ்_தம்பி
எத்தனை வெட்டணும்னு எப்படித் தெரியும்க்கா?

டோங்காட்_அக்கா
எண்ணாதீங்க, கட்டைவிரலை முள்ளுக்கு மேல கார்டுல வச்சு மெதுவா அழுத்துங்க. லிஃப்ட் பட்டன் அழுத்தற பலத்துல முள்ளு விரல்ல படணும். விரல் வெளுக்குற அளவு அழுத்த வேண்டி வந்தா இன்னும் ரெண்டு எடுங்க.

மெரீபேங்க்_தூண்டில்
அக்கா சொன்ன சூடு தண்ணி விஷயம் நல்லா இருக்கு, நானும் பண்ணிப் பாக்கறேன். ஆனா லிஃப்ட் பட்டன் பலம் ஆகாயத்தாமரைக்கு சரி, அது மெத்துன்னு இருக்குற செடி, ஜிக் மாட்டினாலும் வேரோட பிச்சுக்கிட்டு வந்துடும். பட்ட மரத்துக்கு அந்த விறைப்பு பத்தாது. மரத்துக்கு நான் முழு கத்தையோடதான் போடுவேன், அதுக்குப் பதிலா 50 பவுண்டு பிரெய்டு (இழுபடாத பின்னல் லைன்), தடிச்ச ராடு, லைன்ல தொய்வை சுத்தி எடுத்துட்டு ஓங்கி ஒரே சுண்டு. உங்க 20 பவுண்டு லைன் இழுபடும், அதான் பலம் முள்ளுக்குப் போய்ச் சேரல, நான் முதல்லயே சொன்னேன்.

மாரிட்ஸ்பர்க்_பாஸ்
தெளிஞ்ச தண்ணியில பிரெய்டைக் கட்டினா கடியே பாதியாயிடும்ணே. லைனை மாத்தறதைவிட பத்து நாரை வெட்டறது லேசு.

மெரீபேங்க்_தூண்டில்
மழை பெஞ்சா தண்ணி எங்க தெளிஞ்சிருக்கு? நவம்பர்ல வந்து பாருங்க.

பீனிக்ஸ்_தம்பி
சரி, குட்டையாக்கின ஜிக்கை ஓரமா வச்சுட்டேன். புதுசா ரெண்டு எடுத்து ரெண்டையும் சூடு தண்ணியில முக்கி விரிச்சாச்சு, ஒண்ணுல மட்டும் எட்டு நார் எடுத்திருக்கேன், இன்னொண்ணு முழுசு. சனிக்கிழமை ஒரே ராடு, ஒரே லைன், தாமரை ஓரத்துல ஒண்ணு மாத்தி ஒண்ணு அரை மணி நேரம் போடறேன். எத்தனை கடி, எத்தனை கைக்கு வந்துச்சு, எத்தனை மாட்டுச்சுன்னு எழுதி வச்சு ஞாயித்துக்கிழமை இங்கயே போடறேன். அண்ணே, மரத்துக்கு உங்க பிரெய்டை எந்த முடிச்சு போட்டுக் கட்டறீங்கன்னு சொல்லுங்க.