உருமாறும் ரோபோ பொம்மைகள்: கைக்கு வந்த கதைகளைச் சொல்லுங்கள்

தொடங்கியவர், கவாசாகி

போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: பழைய பொம்மை வாங்கினால் மாற்றிப் பார்ப்பீர்களா, தொடாமல் அலமாரியில் வைப்பீர்களா? பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் தனியாகவே போடுகிறேன். நீங்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

ஜப்பானுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம். டோக்கியோவின் ஷின்ஜுக்குவிலிருந்து சூவோ ரயில் பிடித்தால் நகானோ ஐந்தே நிமிடம். வடக்கு வாசலில் இறங்கினால் கூரை போட்ட கடைத்தெரு, அதன் கோடியில் 1966இல் கட்டிய நகானோ பிராட்வே. பழைய காமிக்ஸ் விற்கும் சின்னக் கடையாக மண்டராகே அங்கேதான் 1980இல் தொடங்கியது. இப்போது அதன் கடைகள் அந்தக் கட்டடத்தில் மாடிக்கு மாடி சிதறிக் கிடக்கின்றன. ஒரு கடையில் பொம்மை, அடுத்ததில் கார்ட்டூன் படத்துக்காக வரைந்த செல்லுலாய்டு ஓவியம், இடையில் கடிகாரக் கடை. வழி தொலைக்காமல் யாரும் வெளியே வந்ததில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் கீழ்த்தட்டில் ஒரு வெள்ளை விமானம். வெள்ளை என்று சொல்வது மரியாதைக்கு. பழைய செய்தித்தாள் நிறத்தில் இருந்தது. தகாதோக்கு கம்பெனி 1/55 அளவில் போட்ட வால்கைரி, மாக்ராஸ் கார்ட்டூனில் ரோபோவாக மாறுகிற போர்விமானம். விலைச்சீட்டில் மூன்று குறிப்புகள்: "ஹகோ நாஷி", அதாவது பெட்டி இல்லை. "கெப்பின் அரி", பாகம் குறைகிறது. "யாகே", வெயிலில் பழுத்தது. எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் பாதி இந்த மாதிரிச் சீட்டுகளைப் படித்துக் கற்றதுதான்.

கேட்டதும் கடைக்காரப் பையன் மேசையில் ஒரு துணியை விரித்து அதை வைத்தான். ஒவ்வொரு மூட்டாக மெல்ல அசைத்துக் காட்டினான். இடது கால் தளர்வு, துப்பாக்கி இல்லை, ஒரு ஸ்டிக்கர் கோணல். விற்கிறவனே இத்தனை குறை சொல்லி நான் எங்கும் பார்த்ததில்லை. 7,000 யென். வாங்கிவிட்டேன்.

இதன் கதை தெரியாதவர்களுக்கு: மாக்ராஸ் தொடர் 1982 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வால்கைரியை வடிவமைத்த கவாமோரி ஷோஜிக்கு அப்போது 22 வயது. பேப்பரில் வரைந்தால் எதை வேண்டுமானாலும் எதாகவும் மாற்றலாம். அவர் லெகோ கட்டைகளில் கட்டிப் பார்த்து, மடிக்க முடிகிறதா என்று சோதிக்கிற ஆள். அதனால்தான் பொம்மையும் ஏமாற்று இல்லாமல் மாறுகிறது. 1984இல் தகாதோக்கு திவாலானது, அச்சுகள் பண்டாய் கைக்குப் போயின. அதே உடம்புக்குச் சிவப்பு வண்ணம் சேர்த்து 1985இல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ தன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் ஜெட்ஃபயர் என்று விற்றது. ஜப்பானிலோ டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தகாராவின் சரக்கு. போட்டிக் கம்பெனியான பண்டாயின் பொம்மையைத் தகாரா தன் பெட்டியில் போட்டு விற்குமா? அதனால் சொந்த ஊரில் அந்த ஜெட்ஃபயர் கடைக்கே வரவில்லை.

சரி, வீட்டுக்கு வந்தேன். விளக்கத்தாள் கிடையாது. இரண்டு இன்ஜின்களும் கீழே இறங்கினால் கால்கள். நடுவில் ஒளிந்திருக்கும் கைகள் வெளியே வரும். அங்கேயே நிறுத்தினால் அது கெர்வாக், பாதி விமானம் பாதி ரோபோ, வயலில் இறங்கிய கொக்கு மாதிரி முட்டி பின்பக்கம் மடங்கி நிற்கும். அங்கிருந்து முழு மனித உருவத்துக்குப் போகிற இடத்தில்தான் எனக்குப் புத்தி போதவில்லை. இரவு ஒரு மணி. காலைத் திருப்ப வேண்டிய பக்கம் திருப்பாமல் எதிர்ப்பக்கம் அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். இதைச் சேர்க்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும், வயிற்றுக்குள் கேட்கும். இடது கால் பூட்டின் நுனி போய்விட்டது. முப்பது வருடம் தாங்கியதை முப்பது நிமிடத்தில் நான் உடைத்தேன்.

---

சென்னைக்காரர்

அண்ணா, அந்த 'டிக்' சத்தம் படிக்கும்போதே எனக்குக் கை கூசியது.

என் கதை தொண்ணூறுகளில் ஆரம்பிக்கிறது. நம் ஊரில் பன்ஸ்கூல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் போட்டுக்கொண்டிருந்த காலம். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு குட்டிக் கார். அது ஏன் நிஜக் கார் மாதிரி இல்லாமல் குண்டாக, குறுக்கி வைத்தது போல இருக்கிறது என்று அப்போதே சந்தேகம். பல வருடம் கழித்துத்தான் விடை கிடைத்தது.

தகாராவிடம் இரண்டு தனித்தனி பொம்மை உலகங்கள் இருந்தன. 1980இல் வந்த டயாக்ளோனில் எல்லாம் 1/60 அளவு. ஓட்டுநர்கள் கட்டைவிரல் உயரம்கூட இருக்க மாட்டார்கள், அவர்களின் பாதத்தில் காந்தம். 1983இல் வந்த மைக்ரோ சேஞ்ச் வேறு கணக்கு. அதன் ஆட்களான மைக்ரோமேன்கள் நிஜத்திலேயே பத்து சென்டிமீட்டர்தான், நம் வீட்டுக்குள் ஒளிந்து வாழ்கிறவர்கள். ஆகவே அவர்களுடைய ரோபோக்கள் வீட்டுச் சாமான்களாக, அதே நிஜ அளவில் இருக்கும்: கேசட் பிளேயர், கேமரா, கைத்துப்பாக்கி, பொம்மைக் கார். பொம்மைக் காராகவே நடிக்கிற பொம்மைக் கார்! என் குண்டுக் காரின் ரகசியம் அதுதான். 1984இல் ஹாஸ்ப்ரோ இரண்டையும் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஆக்கியது. கைத்துப்பாக்கியான மெகாட்ரானும் லாரியான கன்வாயும் (ஆப்டிமஸ் பிரைமின் ஜப்பானியப் பெயர்) ரோபோவானதும் ஏன் சம உயரம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நான் சொல்ல வந்தது ஐயன்ஹைட் என்ற டிரான்ஸ்ஃபார்மர் பற்றி. கார்ட்டூனில் நல்ல சதுர முகம். ஒரு நண்பர் வீட்டில் அசல் 84 பொம்மையைக் கையில் வாங்கினேன். நிஸான் வேன். மாற்றி முடித்துப் பார்த்தால் தலையே இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் வேனின் கண்ணாடி, அதன் பின்னால் ஒரு சின்ன இருக்கை, இருக்கையின் முதுகில் முகம் போட்ட ஸ்டிக்கர். நண்பர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு டப்பாவைத் திறந்து, டயாக்ளோன் ஆள் ஒருவனை எடுத்து வந்து அந்த இருக்கையில் உட்கார வைத்தார். அவ்வளவுதான். பொம்மைக்குத் தலை வந்துவிட்டது. உண்மையில் அது ஆள் ஓட்டுகிற இயந்திரமாகவே பிறந்தது. டிரான்ஸ்ஃபார்மர் ஆனபோது ஓட்டுநரை இறக்கிவிட்டார்கள், இருக்கை மட்டும் மிஞ்சியது.

அன்றிலிருந்து நான் தேடுவது ரோபோக்களை இல்லை, அந்தக் குட்டி ஆட்களை. நல்லவேளை, 2016இல் தகாரா டோமி (பழைய தகாராதான், டோமியோடு இணைந்தபின்) டயாக்ளோனை மறுபடி தொடங்கியது. புது ஆட்களுக்கும் காலில் காந்தம் உண்டு. என் ஃபிரிட்ஜ் கதவில் நாலு பேர் நிற்கிறார்கள். வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

---

ஈப்போவாசி

ஏவுகணை பற்றி யாரும் சொல்லவில்லையே! அதே அச்சுதான், ஆனால் ஜப்பானிய டயாக்ளோன் ஏவுகணை கூடத்தைக் கடந்து போய்விடும். அமெரிக்காவுக்குப் போனதில் குழந்தைகள் பாதுகாப்புக்காக ஸ்பிரிங்கை வலுவிழக்கச் செய்தார்கள். பொத்தானை அமுக்கினால் காலடியில் தொப்பென்று விழும். ஜப்பானிய ஸ்பிரிங்கில் சுட்டு, என் தம்பியின் மீன் தொட்டிக்குள் போன ஒன்றை இன்னும் எடுக்கவில்லை.

---

சிங்கப்பூர்வாசி

என் அனுபவம் கசப்பு. பெயர் வேண்டாம், இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் எண்பதுகளின் கடைசியில் வந்த ஒரு பெட்டி வாங்கினேன். திறக்காதது, "மிகைஃபூ" என்று எழுதியிருந்தது. ஒட்டாத ஸ்டிக்கர் தாள், வெட்டாத தெர்மோகோல், எல்லாம் புத்தம் புதுசு. பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சாமி படத்துக்கு முன் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்து திறந்தேன்.

தோளை ஒரு தடவை உயர்த்தினேன். கை தனியே வந்தது. சரி, பொருத்தலாம் என்று பிடித்தால், பிடித்த இடம் நொறுங்கியது. அப்பளம்தான்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் தங்க நிறம் வருவதற்காகப் பளபளக்கும் துகளைக் கலந்து வார்த்த பிளாஸ்டிக் இருக்கிறதே, அதற்கு உள்ளிருந்தே நோய். விளையாடினாலும் நொறுங்கும், விளையாடாமல் பெட்டிக்குள் வைத்தாலும் நொறுங்கும். மேலே பூசிய பொன் முலாமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே சுழிசுழியாக, ஓடை மணலில் காக்காப்பொன் மின்னுவது போல் தெரிந்தால் அதுதான் ஆள். அப்படித் தெரிந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. வால்தர் பி38 துப்பாக்கியாக மாறும் பொம்மையை டோக்கியோவில் பார்த்து, கையில் எடுத்து, விலையும் கேட்டு, அப்புறம் வைத்துவிட்டு வந்தேன். சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, "ஐயா, இது மடக்கினால் ரோபோ" என்று அதிகாரி முன்னால் மடக்கிக் காட்டுகிற காட்சியை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அந்தப் படிகள் மனப்பாடம் இல்லை.

---

ஒசாக்கா அக்கா

நான் சேகரிப்பவள் இல்லை, பழுது பார்ப்பவள். வீட்டுக்காரர் வாங்குவார், உடைப்பார், என் மேசைக்கு வரும். ஆகவே இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, திருகு. ஜப்பானியப் பொம்மைகளில் இருப்பது ஜிஸ் (JIS) என்ற ஜப்பானியத் தொழில் தரத்துச் சிலுவைத் திருகு. பார்க்கச் சாதாரணப் பிலிப்ஸ் மாதிரியேதான் இருக்கும். பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் நழுவி மேலே ஏறி, திருகின் தலையை வழித்துவிடும். எங்கள் ஒசாக்காவின் நிப்பொன்பாஷியில் டென் டென் டவுன் கடைத்தெருவுக்குப் பொம்மை பார்க்கப் போகிறவர்கள் அங்கேயே ஒரு ஜிஸ் ஸ்க்ரூடிரைவரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு, பழுப்பு. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும், உண்மை. ஆனால் மறுபடி பழுக்கும், அதுவும் உண்மை. ஸ்டிக்கர் இருக்கும் பாகத்தை முக்கவே கூடாது. தொடங்கியவர் தம்பி, உங்கள் வால்கைரியை அப்படியே விட்டுவிடுங்கள். வயதானவர் முடிக்குச் சாயம் எதற்கு?

எனக்கும் ஒரு கதை உண்டு. எதிர்வீட்டுப் பாட்டி வீட்டைக் காலி செய்தார். பெரிய சாமான்களைக் குப்பைக்குப் போடும் நாளன்று காலை என்னைக் கூப்பிட்டு, செம்பெய் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொடுத்தார். உள்ளே மெஷின் ரோபோ, ஆறு உருப்படி. போப்பி 1982இல் கொண்டுவந்த வரிசை, ஒன்று 600 யென் என்பதால் 600 வரிசை என்றே பெயர். அமெரிக்காவில் டோன்கா இவற்றைத்தான் கோபாட்ஸ் என்று விற்றது. உள்ளங்கைக்குள் அடங்கும். ஆனால் உலோகம் இருப்பதால், எடுத்ததும் கை ஒரு தடவை தாழ்ந்துதான் நிமிரும். வண்ணமெல்லாம் உரிந்து துத்தநாகம் தெரிந்தது. மகன் மணலில் புதைத்து விளையாடுவான் என்றார். மகன் இப்போது ஹொக்கைடோவில் இருக்கிறானாம், கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டானாம். பாட்டி மோட்டார் சைக்கிளை எடுத்து, என்னிடம் பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், மூன்று அசைவில் ரோபோவாக்கி என் கையில் கொடுத்தார்.

---

சென்னைக்காரர்

அக்கா, அந்த டப்பாவின் படம் போடுங்கள். பொம்மைகளோடு டப்பாவும் வேண்டும்.

---

தொடங்கியவர், கவாசாகி

எல்லோருக்கும் நன்றி. சாயம் பூசவில்லை அக்கா, சத்தியம்.

கேள்விக்கு என் பதில்: மாற்றுவேன். இப்போது பூட்டு உடைந்தும் அது மாறுகிறது, நின்றால் மட்டும் இடதுபக்கம் சாய்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் மட்டும் தொடமாட்டேன், பிளாஸ்டிக் விறைத்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மர்ஸின் புது மாஸ்டர்பீஸ் வரிசையிலும் இரண்டு வைத்திருக்கிறேன். 2003இல் வந்த முதல் கன்வாய், பிறகு 2011இல் வந்த சற்றுச் சின்னது. உண்மையைச் சொன்னால் அவற்றை வருடத்துக்கு ஒரு தடவைதான் மாற்றுகிறேன். தட்டு தட்டாக, மடிப்பு மடிப்பாக, விளக்கத்தாளை எதிரே விரித்து வைத்துக்கொண்டு யார் செய்வது? பழைய கன்வாயை டீ ஆறுவதற்குள் லாரியாக்கிவிடலாம். கழற்றி வைத்த முஷ்டிகள் இரண்டையும் சோபாவுக்கு அடியில் தேடுகிற நேரம் தனி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1/55 வால்கைரியின் இடது கால், பூட்டு உடையாதது, நிறம் எவ்வளவு பழுத்திருந்தாலும் பரவாயில்லை, யாரிடமாவது இருக்கிறதா? பதிலுக்கு என்னிடம் இரண்டு வலது கால்கள் இருக்கின்றன. அது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.