புது வீட்டில் முதல் கிறிஸ்துமஸ்: 24 பேர், 3 இரவு, எதில் இடிக்கும்?

வேர்க்கோட்டு மருமகள்:
வணக்கம். ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் வடகடல் பக்கம் புது வீடு. ஆவணியில் பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டோம், வீடு மந்திரிப்பு (சாமியார் வந்து வீட்டை ஆசீர்வதிப்பது) இன்னும் ஆகவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு பக்கத்துச் சொந்தமும் சேர்ந்து 24 பேர். அதில் 7 பிள்ளைகள், 70 தாண்டிய பெரியவர்கள் 4 பேர். 23 காலை வந்து 26 மாலை கிளம்புகிறார்கள்.

கீழே 2 அறை, ஹால், மாடியில் ஒரு அறை, மொத்தம் 2 கழிப்பறை. மேல்தொட்டி 1000 லிட்டர், தரைத்தொட்டி 3000. போர் தண்ணீர் உப்பு. செப்டிக் டேங்க் ஃபைபர், 2000 லிட்டர். குளியலறை, கழிப்பறை, அடுப்படித் தண்ணீர் எல்லாம் அதற்குள்தான் போகிறது. கரண்ட் ஒற்றை ஃபேஸ், மெயினில் 32 ஆம்பியர் எம்சிபி (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச்). 2 ஏசி, கீசர், இண்டக்சன் அடுப்பு, 150 ஏஎச் பேட்டரி ஒன்றோடு இன்வெர்ட்டர்.

25 மதியம் பிரியாணி வீட்டிலேயே செய்ய ஆசை. எதை எப்போது தொடங்க வேண்டும்?

பாம்பன் குழாய்க்காரர்:
தங்கச்சி, சமையலை அப்புறம் பார்க்கலாம். முதலில் இடிக்கப்போவது செப்டிக் டேங்க்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் 24 பேருக்கு 2400 லிட்டர். டேங்க் கொள்ளளவே 2000. உள்ளே போன தண்ணீர் குறைந்தது ஒரு நாளாவது நின்றால்தான் கசடு அடியில் தங்கும். நிற்க இடமில்லாவிட்டால் கசடோடு உறிஞ்சு குழிக்குப் போய் மணலை அடைத்துவிடும். போதாததற்கு மார்கழியில் நம் பக்கம் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். குழி உறிஞ்சாது, தண்ணீர் பின்வாங்கிக் கீழ்வீட்டுக் கழிப்பறையில் குமிழி விடும்.

அதனால் குளியலறை, அடுப்படித் தண்ணீரை இப்போதே தனியாகப் பிரித்துவிடுங்கள். 3 அங்குல பிவிசி குழாய், 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு, தென்னைக்குப் பக்கத்தில் திறப்பு, போதும். அடுப்படிக் குழாயில் மட்டும் எண்ணெய் தங்குவதற்கு ஒரு சின்னத் தொட்டி வையுங்கள். கழிப்பறைத் தண்ணீர் மட்டும் என்றால் ஆளுக்கு 35 லிட்டர், நாளுக்கு 840 தான். டேங்க் தாங்கும்.

கசடு எடுக்கும் லாரியைக் கூப்பிடுவதாக இருந்தால் மழை வலுக்கும் முன்பே கூப்பிடுங்கள். எடுத்த கையோடு தண்ணீர் ஊற்றி நிரப்பிவிடவும். நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது காலி ஃபைபர் டேங்கை விட்டால் படகு மாதிரி மிதந்து எழும்பும், குழாய் இணைப்பெல்லாம் பிய்ந்துவிடும். டிசம்பரில் அந்த வேலையைத் தொடவே கூடாது.

அடுத்தது தண்ணீர். காலை 6 முதல் 9 மணிக்குள் நாள் கணக்கில் பாதி, அதாவது 1200 லிட்டர் இறங்கிவிடும். மேல்தொட்டி ஒரு தடவை காலியாகும். காலியானால் குழாய்க்குள் காற்றுப் பிடித்து மாடிக் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும். ராத்திரி படுக்கும் முன் ஒரு முறை, காலை 5 மணிக்கு ஒரு முறை, 7:30க்கு ஒரு முறை மோட்டார் போட ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். கழிப்பறைக்கு உப்புத் தண்ணீர் போதும். வெளியே 500 லிட்டர் தொட்டி ஒன்று வைத்துப் போர் தண்ணீரை நிரப்பி, கழிப்பறைக்கு வாளியில் எடுக்கச் சொன்னால் நல்ல தண்ணீர் மிஞ்சும்.

குடிக்க ஆளுக்கு 4 லிட்டர், சமைக்க 3 லிட்டர். நாளுக்கு 168 லிட்டர், 20 லிட்டர் கேனில் 9. மூன்றரை நாளுக்கு 30 கேன் சொல்லி, 22ஆம் தேதியே வீட்டில் இறக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, டீ கரிக்கும். சமையலுக்கு வரும் பெண்களிடம் எந்தக் குழாய் எந்தத் தண்ணீர் என்று பெயிண்டில் எழுதிக் காட்டுங்கள்.

மண்டபம் வயர்மேன்:
32 ஆம்பியர் என்றால் 7360 வாட் வரைதான். 1.5 டன் ஏசி இரண்டும் 3000, கீசர் 2000, இண்டக்சன் 2000, மோட்டார் 1000, இஸ்திரிப் பெட்டி 1000. கூட்டினால் 9000. பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் இவை எல்லாம் ஒன்றாக ஓடும், அப்போதுதான் மெயின் விழும். பெரிய எம்சிபி மாற்றித் தரச் சொல்லாதீர்கள், வயர் அந்தச் சுமைக்குப் போட்டதில்லை, சுவருக்குள் சூடாகும். கீசரும் மோட்டாரும் ஒரே நேரத்தில் கூடாது, கீசர் ஓடும்போது இண்டக்சன் கூடாது. இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

இன்வெர்ட்டர்: 150 ஏஎச், 12 வோல்ட் என்பது கணக்குக்கு 1800 வாட்-மணி. கையில் கிடைப்பது 1100 சொச்சம். பழைய மாதிரி ஃபேன் 75 வாட், 6 ஓடினால் 450, விளக்கு 50. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் அதே பேட்டரி 4 மணி நேரத்துக்கு மேல் போகும். புயல் சின்னம் வந்து கரண்ட் போனால் நம் தீவில் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது, ஆகவே ஃபேனில் செலவழிப்பது நியாயம்.

ஸ்டார், சீரியல் லைட்: வடகடல் வீட்டில் வாடைக்காற்று நேராக முகப்பில் அடிக்கும். பேப்பர் ஸ்டார் ஒரு மழைக்குக் கிழியும். பிளாஸ்டிக் ஸ்டார் வாங்கி மேலே ஒரு கட்டு, கீழே இரண்டு பக்கமும் நைலான் கயிறு இழுத்துக் கட்டுங்கள், சுழலாது. உள்ளே 9 வாட் எல்இடி போதும். வயர் ஜாயிண்டில் டேப் மட்டும் சுற்றினால் உப்பு ஈரம் புகுந்து ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழும், வீடு முழுக்க இருட்டாகும். ஜாயிண்டை மழையும் தூசியும் புகாத ஐபி 65 பெட்டிக்குள் வைத்து, வயர் கீழிருந்து மேலாக நுழைகிற மாதிரி விடுங்கள். வெளி விளக்குக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டால் அது விழுந்தாலும் உள்வீடு எரியும். குடிலில் வைக்கோல் வைத்தால் சூடாகும் பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம்.

பெரிய அண்டா:
பிரியாணிக்கு வருகிறேன். சீரகச் சம்பா 3 கிலோ, ஆட்டுக்கறி 4 கிலோ. 17 பெரியவர்களும் 7 பிள்ளைகளும் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாலும் வரும். பெரிய வெங்காயம் ஒன்றரை கிலோ, தக்காளி 1 கிலோ, இஞ்சி 250 கிராம், பூண்டு 300, தயிர் அரை லிட்டர், எண்ணெய் அரை லிட்டர், நெய் 200 கிராம், புதினா 3 கட்டு, மல்லி 2 கட்டு. காரத்துக்கு நம் முண்டு மிளகாய்தான், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஊறவைத்து அரைத்துப் போட்டால் நிறமும் மணமும் தூளில் வராத அளவுக்கு வரும்.

அரிசியைப் படியால் அளந்து, ஒரு படிக்கு ஒன்றரைப் படி தண்ணீர். கறி விட்ட சாறும் தயிரும் இந்த ஒன்றரைக்குள் அடங்கும். இதை மறந்து தண்ணீரை முழுதாக ஊற்றுவதால்தான் குழைகிறது. கறி முக்கால் வேக்காட்டுக்கு வந்தபின் சாறை அளந்து பார்த்து மீதியைச் சேர்க்கவும். அரிசி 20 நிமிடத்துக்கு மேல் ஊறக் கூடாது. அண்டா 20 லிட்டருக்குக் குறையாமல், அடி கனமானதாக வாடகைக்கு எடுங்கள். வீட்டுக் கேஸ் அடுப்பு அந்த அடிக்குப் போதாது, நடுவில் பிடிக்கும், ஓரம் வேகாது. வெளியே விறகு வைத்தால் வாடைக்காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாயும், விறகும் ஈரமாக இருக்கும். வீட்டுக்குத் தெற்குப் பக்கம் மறைவில், மூன்று பக்கம் தகரம் வைத்து, பெரிய கேஸ் பர்னரில் செய்யுங்கள். மேலே தார்ப்பாய் கட்டும்போது தீயிலிருந்து 8 அடி உயரம் இருக்கட்டும்.

பலகாரத்தில் அச்சு முறுக்கு மட்டும் சொல்கிறேன், மற்றது எல்லா வீட்டுக்கும் தெரியும். பச்சரிசி மாவு 1 கிலோ, முட்டை 4, சர்க்கரை 350 கிராம், தேங்காய்ப்பால் சுமார் ஒன்றேகால் லிட்டர், உப்பு, கறுப்பு எள். சர்க்கரை கூடினால் மொறுமொறுப்பு வருமுன் கருகும். அச்சை எண்ணெயிலேயே சூடேற்றி, மாவில் முக்கால் ஆழம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடினால் கழலவே கழலாது. புது அச்சு என்றால் ஒரு நாள் எண்ணெயில் ஊறட்டும். ஆறிய உடனே தகர டின்னில் போட்டு மூடுங்கள், இந்தக் காற்றில் ஒரு மணி நேரம் திறந்திருந்தால் நமுத்துவிடும். 20ஆம் தேதிக்கு முன் சுட வேண்டாம்.

வேர்க்கோட்டு மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. குழாய் பிரிக்கும் வேலைக்கு ஆள் சொல்லிவிட்டேன். மூன்று சந்தேகம். 25 வெள்ளிக்கிழமை விழுகிறது, கறி ஆக்கலாமா என்று மாமியார் கேட்கிறார். 24 மதியத்துக்கு மீன் எப்படி வாங்குவது? ரயிலுக்கு எப்போது பதிய வேண்டும்?

சூசையப்பர் தெரு:
ஆக்கலாம்மா, மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். பெருவிழா வெள்ளியில் வந்தால் அன்று சுத்தபோசனம் (வெள்ளியில் கறி தவிர்ப்பது) கிடையாது, திருச்சபைச் சட்டம் 1251இல் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பு பெருவிழா.

நீங்கள் கேட்காத ஒன்று: வீடு மந்திரிப்பை டிசம்பர் 15க்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் பங்குச் சாமியாருக்குப் பாவசங்கீர்த்தனம், குடில், பூசை என்று நேரமே இருக்காது. மந்திரிக்காத வீட்டில் வயதானவர்களுக்கு மனசு ஒட்டாது. வெள்ளைத் துணி விரித்த மேசை, பாடுபட்ட சுரூபம், 2 மெழுகுவத்தி, ஒரு கிண்ணம் தண்ணீர், உப்பு. வேறொன்றும் வேண்டாம்.

மீன்: ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும், மறுநாள் காலை கரை சேரும். கணக்குப்படி 24 வியாழன் காலை மீன் இறங்க வேண்டும். ஆனால் பண்டிகை நெருக்கத்தில் நம் ஆட்கள் தொழிலுக்குப் போக மாட்டார்கள், கடல் எச்சரிக்கையும் வரலாம். 22 செவ்வாய் காலையே சீலா (வஞ்சிரம்) வாங்கிவிடுங்கள். தலை, குடல் கழித்தால் கால் பங்குக்கு மேல் போகும், 3 கிலோ துண்டு வேண்டும் என்றால் நாலேகால் கிலோ மீன். துண்டு போட்டு, துடைத்து, உப்பும் மஞ்சளும் தடவி ஃப்ரீசரில் வையுங்கள். நண்டை அப்படி வைக்கக் கூடாது, செத்த நண்டில் சதை நீர்த்துவிடும்.

ரயில்: முன்பதிவு 60 நாளைக்கு முன், காலை 8 மணி. 22 இரவு ஏறுகிறவர்களுக்கு அக்டோபர் 23, 26 மாலை திரும்ப அக்டோபர் 27. அந்த வாரம் அரையாண்டு விடுமுறையும் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்து வருகிறது, ஒரு மணி நேரம் தாமதித்தாலும் இடம் கிடைக்காது. காற்று பலமாக இருந்தால் பாம்பன் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள், மண்டபம் ஸ்டேஷனிலேயே நிற்கும். அப்படி நின்றால் கூட்டிவர ஒரு வேன் ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், சாலைப் பாலம் வழியாகத் தங்கச்சிமடம் வந்துவிடலாம்.

படுக்கை: பெரியவர்கள் நாலு பேரும் கீழ் அறைகளில், கழிப்பறைக்குப் பக்கத்தில். ராத்திரி அந்த வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். மார்கழித் தரை குளிரும், வெறும் கோரைப்பாய் போதாது, கீழே தார்ப்பாய் விரித்து மேலே ஜமுக்காளம். நடுச்சாமப் பூசைக்கு எல்லோரும் போகும்போது வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். பூசை முடிந்து வருகிறவர்களுக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி 5 லிட்டர், பன், கேக் போதும். அந்த நேரத்தில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்காதீர்கள்.

பாம்பன் குழாய்க்காரர்:
ஒன்று விட்டுப்போச்சு. நவம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு 10 பேராவது நாள் முழுக்க இருந்து கழிப்பறையைப் பயன்படுத்திப் பாருங்கள். சாயங்காலம் செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து, வெளியேறும் குழாயின் மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறி நிற்கிறதா என்று பார்க்கவும். ஏறி நின்றால் குழி உறிஞ்சவில்லை என்று அர்த்தம். இரண்டாவது குழி தோண்ட அப்போதும் ஒரு மாதம் கையில் இருக்கும். மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்காதீர்கள், வாயு இருக்கும், பத்து நிமிடம் காற்றாட விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். பிள்ளைகள் வரும்முன் மூடியை போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள்.