அப்பாவுக்கு விழித்திரையில் அடைப்பு, கண்ணுக்குள் ஊசி அவசியமா?

கேள்வி:
அப்பாவுக்கு 63 வயது. போன வாரம் தூங்கி எழுந்தவர், இடது கண்ணில் கீழ்ப்பாதி மங்கலாகத் தெரிகிறது என்றார். வலி இல்லை, சிவப்பும் இல்லை. விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கிற ஓசிடி ஸ்கேன் பார்த்துவிட்டு, விழித்திரையில் ஒரு கிளைச் சிரை அடைத்திருக்கிறது, விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் நீர் கோர்த்திருக்கிறது, மாதம் ஒரு ஊசி கண்ணுக்குள் போட வேண்டும் என்கிறார்கள். கேட்டதிலிருந்து அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஊசி அடைப்பைக் கரைத்துவிடுமா? லேசர் செய்தால் ஒரேயடியாக முடிந்துவிடாதா?

பதில் 1:
எனக்கும் இதே அடைப்புதான், வலது கண்ணில். ஊசி அடைப்பைக் கரைக்காது, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ரத்தம் போக வழியில்லாமல் தேங்கி நீர் கசிகிறது, அப்புறம் ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து கசிவை இன்னும் கூட்டிவிடுகிறது. ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட், பெவசிசுமாப் எல்லாம் அந்தப் புரதத்தை மடக்குகிற மருந்துகள்தான். மருந்தின் வேகம் குறைந்ததும் பலருக்குத் திரும்ப நீர் கோர்க்கும், அதனால்தான் மாதாமாதம். எனக்கு ஆறு ஊசிக்குப் பிறகு இடைவெளியைக் கூட்டினார்கள். வலியா? சொட்டு மருந்தில் மரத்துப்போகிறது, ஒரு நொடி அழுத்துகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஊசி போட்ட பிறகு வலியோ சிவப்போ அதிகமானால், பார்வை குறைந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள், கிருமித்தொற்றாக இருக்கலாம்.

பதில் 2:
லேசர் பழைய வழி. இந்த ஊசிகள் வருவதற்கு முன் கிளை அடைப்புக்கு அதுதான் இருந்தது. இப்போது, புதிதாக நொய்ந்த ரத்தக்குழாய்கள் முளைத்தால் லேசர் கைகொடுக்கும். ஊசி கேட்காதவர்களுக்கு கண்ணுக்குள் ஸ்டீராய்டு இம்பிளான்ட் (மருந்தை மெல்ல மெல்ல விடுகிற சிறு துண்டு) வைப்பதுண்டு, சில மாதம் தாங்கும், ஆனால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம்.

அதைவிட, அப்பாவின் பிபி எவ்வளவு? தமனியும் சிரையும் குறுக்கே கடக்கிற இடத்தில், தடித்துப்போன தமனி சிரையை நசுக்குவதால்தான் பெரும்பாலும் கிளை அடைப்பு வருகிறது. சுகர், கொலஸ்ட்ரால், கண் அழுத்தம் எல்லாவற்றையும் பாருங்கள்.

பதில் 3:
இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: சிரை அல்லாமல் தமனி அடைத்தால் கதை வேறு. ஒரு கண்ணில் பார்வை வலியே இல்லாமல் சட்டென்று இருண்டுவிட்டால் அது பக்கவாதத்துக்குச் சமம், கண்ணாடிக் கடைக்குப் போய் நேரத்தை வீணாக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. பிபி 170/100. இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தாராம், இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறார். வெள்ளிக்கிழமை முதல் ஊசி.