பாரிஸ் விறகுதாங்கிச் சோடி: ஒப்பம் இல்லை, கறள் நிறைய

குருநகர்க்காற்று:
பிரான்சிலிருந்து வந்த அடித்த இரும்பு விறகுதாங்கி ஒரு சோடி. அங்கே 'ஷெனே' என்பார்கள், கணப்படுப்புக்குள் விறகை நிலத்தில் முட்டாமல் தாங்குவது. முன்னுக்கு ரிப்பன் மாதிரி முறுக்கிய சுருள், மேலே பித்தளை உருண்டை. பிரெஞ்சு இரும்புக் கலைஞர் ஜில்பேர் புவாயெரா செய்தது, 1940கள் என்று வித்தவர் எழுதித் தந்த துண்டு கூடவே இருக்கு. ஒப்பம் இல்லை, சுருளின் அடியில் வெல்டிங் தடம் இருக்கு. அப்ப போலிதானோ? கறளைத் தேசிக்காயும் உப்பும் போட்டு உரஞ்சலாமோ?

கம்மாலைப்பக்கம்:
வெல்டிங் இருக்கிறது என்றதற்காகப் போலி என்று சொல்லேலாது. பேர்போன பிரெஞ்சு இரும்புக் கலைஞர் எட்கார் பிரான்ட் 1925 பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சிக்கு முன்னரே வாயு வெல்டிங்கைத் தாராளமாகப் பாவித்தவர். புவாயெரா (1902–1988) பாரிசில் 'எக்கோல் பூல்' என்ற கைவினைப் பள்ளியில் படித்து, 1927 வரை பிரான்டின் பட்டறையில்தான் வேலை செய்தார். பிறகு 'போதே, தொனோன் எ ரூசெல்' என்ற நிறுவனத்துக்குப் போனார். பிரான்ட் வேலைகளில் 'இ. பிரான்ட்' என்று அடித்த முத்திரை வழக்கம், புவாயெரா பெயரில் விலைப்படுவதில் ஒப்பமில்லாததே அதிகம். வித்தவர் துண்டை ஆதாரமாக எடுக்கவேண்டாம். பழைய பற்றுச்சீட்டோ அந்தக் காலத்துப் படமோ இருந்தால்தான் பெயர் நிற்கும்.

பொருளைப் பாருங்கோ. சுருளின் நுனி காய்ச்சி அடித்து மெலிந்திருக்கா, இல்லை வெட்டின கம்பியை வளைத்ததா? கம்பிகளைச் சேர்த்துப் பட்டி போட்ட இடத்தில் வளையத்தைச் சூட்டோடு சுற்றியிருந்தால், ஆறும்போது சுருங்கி இறுக்கிப் பிடித்திருக்கும், ஆட்டினால் ஆடாது. கையால் அடித்தது என்றால், சோடி இரண்டையும் அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் வரவேணும். விறகு கிடக்கிற பின்பக்கச் சட்டம்தான் நல்ல சாட்சி: நெருப்புப் பட்டது என்றால் நடுவில் செதில் விட்டு மெலிந்து, சற்றுக் கீழே தொய்ந்திருக்கும். முன்பக்கம் அப்படி இராது. காந்தத்தால் பயனில்லை, எந்த இரும்பும் ஒட்டும்.

மெழுகுத்துணி:
தேசிக்காயும் உப்பும் வேண்டவே வேண்டாம்! உப்பு இரும்பின் நுண்துளைக்குள் தங்கி, துடைத்து ஒரு கிழமையிலேயே திரும்பக் கறள் ஏறும். கடலோரக் குருநகரில் உப்பு ஏற்கெனவே காற்றோடு வருகுது.

மணல் அடிக்கவும் விடாதீங்கோ. உலையில் படிந்த கறுப்புப் படை போய்விட்டால் பொருளின் மதிப்பும் போகும். மண்ணெண்ணெய் பூசி ஓரிரவு வைத்து, '0000' என்ற மிக மெல்லிய இரும்புநாரால் சுத்தியல் தடத்தின் திசையிலேயே மெல்ல உரஞ்சுங்கோ. பித்தளையைத் தொடாதீங்கோ. பிறகு ஸ்பிரிற்றால் துடைத்து, மத்தியான வெயிலில் கைபொறுக்காத அளவுக்குச் சூடாக விடுங்கோ. 100 கிராம் தேன்மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் உருக்கி, நெருப்பை அணைத்த பிறகு 250 மில்லிலீற்றர் கற்பூரத்தைலம் (டேர்பன்ரைன்) கலந்து, சூடு ஆறுமுன் மெல்லிசாகப் பூசிப் பஞ்சுத்துணியால் தேயுங்கோ. தடிப்பாகப் பூசினால் தூசி ஒட்டும்.

குருநகர்க்காற்று:
பற்றரி சார்ஜரால் கறள் எடுக்கிறார்களே?

கம்மாலைப்பக்கம்:
உருண்டை கழன்றால் மட்டும். 4 லீற்றர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச்சோடா, அப்பச்சோடா அல்ல. எதிர்முனை பொருளில், நேர்முனை பழைய இரும்புத் துண்டில். எவர்சில்வர் துண்டு கூடாது, நச்சுக் குரோமியம் வரும். ஐதரசன் கிளம்பும், ஆகவே முற்றத்தில் வையுங்கோ. ஆனால் கறுப்புப் படையும் கூடவே கழரலாம். செதில் செதிலாகக் கறள் நிற்கிற பின்சட்டத்துக்கு மட்டும் செய்தால் போதும்.

மெழுகுத்துணி:
வாடைக்காற்று தொடங்க முன்னம் திரும்ப ஒருக்கால் மெழுகு. காலடியில் ஃபெல்ட் ஒட்டாதீங்கோ, ஈரத்தைப் பிடித்து வைக்கும். யாழ்ப்பாணத்தில் ஒருத்தரும் இதில் விறகு எரிக்கப்போவதில்லை என்றபடியால் மெழுகு உருகும் பயம் இல்லை.