மிஷனெரிக் குடும்பமாக வெளிநாடு வந்தவர்களுக்கு: முதல் இரண்டு வருஷம் பற்றிச் சில யோசனைகள்

கேள்வி: ஸ்தோத்திரம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். மிஷனெரிகளாக வெளிநாடு வந்து சில வாரங்கள்தான் ஆகிறது. அவர் மொழி வகுப்புக்குப் போகிறார், நான் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கிறேன். அனுப்பிய சபையில் "ஊழியம் எப்படிப் போகிறது?" என்று ஓயாமல் கேட்கிறார்கள். சொல்ல ஒன்றுமே இல்லை. மற்ற ஊழியக் குடும்பங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

பதில்: ஸ்தோத்திரம் தங்கச்சி. வந்த சில வாரத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது. சபைக்கு இருப்பதை அப்படியே எழுதுங்கள்: வீடு பிடித்தோம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம், மொழி படிக்கிறோம். அமெரிக்க மிஷனெரி அடோனிராம் ஜட்சன் பர்மாவில் இறங்கியது 1813-ல், முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1819-ல். இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி 1793 கடைசியில் வங்காளம் வந்தார். அங்கே முதலில் விசுவாசத்துக்கு வந்த கிருஷ்ண பால் ஞானஸ்நானம் எடுத்தது 1800 டிசம்பரில். நடுவில் பிழைப்புக்காக அவுரி (நீலச் சாயம்) தொழிற்சாலையை நிர்வகித்துக்கொண்டிருந்தார் கேரி. மாதாமாதம் புகைப்படத்தோடு அறிக்கை கேட்கும் இன்றைய கமிட்டியாக இருந்தால் இரண்டாம் வருஷமே அவருக்குக் காணிக்கையை நிறுத்தியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது வேறு ஒரு வரி. "அவர் வகுப்புக்குப் போகிறார், நான் வீட்டில் இருக்கிறேன்." இதை இப்போதே மாற்றுங்கள். கணவர் மொழி பேசி, மனைவி பேசாமல் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் பெரிதாகத் தெரியாது. அப்புறம் பிள்ளையின் ஆசிரியையிடம் பேச, டாக்டரிடம் சொல்ல, பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பதில் சொல்ல, எல்லாவற்றுக்கும் அவர் வேண்டும் என்றாகிவிடும். கணவர் வெளியூர் கூட்டத்துக்குப் போனால் மனைவிக்கு வீடே சிறை. கேரியின் மனைவி டோரதி முதலில் கப்பலேறவே சம்மதிக்கவில்லை. வந்த மறு வருஷமே மகன் பீட்டரைப் பறிகொடுத்தார், மனநலம் குலைந்தது, 1807-ல் இறக்கும்வரை சரியாகவில்லை. கேரி வேதாகமத்தை மொழிபெயர்த்த மொழிகளின் பட்டியலை மேடையில் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆகவே காலையில் ஒருவர் வகுப்பு, மாலையில் மற்றவர் வகுப்பு, பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் படிப்பு கொஞ்சம் மெதுவாகப் போனால் போகட்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்காகப் போட்ட கணக்கின்படி, ஆங்கிலம் தாய்மொழியான ஒருவர் ஜப்பானியமோ அரபியோ வேலைக்கு ஆகும் அளவுக்குப் பேச ஏறக்குறைய 2200 மணி நேர வகுப்பு வேண்டும். ஸ்பானிஷுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். நீங்கள் போன நாட்டின் மொழி எந்த வகையோ, முழு நேரமாக ஒரு வருஷம் இரண்டு வருஷம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டால் நடக்காது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்ததற்குத் தொடக்கம் அந்த மணல்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரலாம். பக்கத்தில் தமிழ்ச் சபை இருந்தால் போங்கள், ஆராதனைக்கும் ஆறுதலுக்கும் அது வேண்டும். ஆனால் அங்கேயே ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, வீட்டுக்கூட்டம் என்று எல்லாப் பொறுப்பையும் வாங்கிக்கொண்டால், நீங்கள் யாருக்காக வந்தீர்களோ அந்த ஜனங்களின் வீட்டு வாசலை மிதிக்காமலே நாலு வருஷம் ஓடிவிடும். முதல் வருஷம் எந்தப் பொறுப்பும் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு நாள் எப்படி என்று கேட்டீர்கள். பெரும்பாலும் சாதாரணமாகத்தான் போகும். காலையில் குடும்ப ஜெபம், பள்ளி, வகுப்பு, சந்தை, சமையல். மதியம் யாரையாவது பார்க்கப் போவது, அல்லது யாராவது நம்மைத் தேடி வருவது. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, மனு எழுதிக் கொடுப்பது, துக்க வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பது. பிரசங்கம் என்பது வாரத்தில் சில மணி நேரம். மீதி நேரமெல்லாம் அலுவலக வரிசை, கணக்கு, மின்னஞ்சல். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேலை நாள், அதனால் வேறொரு நாளை ஓய்வுக்கு ஒதுக்கி அன்றைக்கு வீட்டில் கூட்டம் வைக்காதீர்கள். விருந்தாளி வராத வேளை என்று தினமும் ஒன்றும் இருக்கட்டும், பிள்ளைகளுக்காக.

விசா விஷயத்தில் துளியும் அலட்சியம் வேண்டாம். சுற்றுலா விசாவில் வந்து ஊழியம் செய்வதை விசுவாசம் என்று சிலர் சொல்வார்கள், அந்த நாட்டின் கணக்கில் அது விதிமீறல். பல நாடுகளில் மதப்பணியாளருக்கென்றே தனி விசா உண்டு. அமெரிக்காவின் ஆர்-1 விசா முதலில் 30 மாதம் வரை, மொத்தமாக 5 வருஷம் வரை. விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 2 வருஷம் அதே சபைப் பிரிவில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். மனைவி, பிள்ளைகளுக்கு ஆர்-2. படிக்கலாம், சம்பள வேலைக்குப் போக முடியாது. மனைவியின் சம்பளத்தை நம்பி வரவுசெலவு போட்ட குடும்பம் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

எதைப் பேசலாம் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு 26-ஆம் பிரிவில் மதம் மாற்றுவதைத் தடுக்கிறது, தண்டனைச் சட்டத்தில் அதற்குச் சிறையும் உண்டு. மலேசியாவில் அரசியலமைப்பின் 11(4) பிரிவு, இஸ்லாமியரிடையே பிற மதங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்த இடம் கொடுக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் நமக்கு வரும் ஆபத்தை விட நம்மோடு பழகியவர்களுக்கு வரும் ஆபத்து பெரிது. நாம் விமானம் ஏறிவிடுவோம், அவர்கள் அங்கேயே வாழ வேண்டும். ஜெபக் கடிதத்தில் அவர்கள் முகம், பெயர், ஊர் எதுவும் வேண்டாம். சபை வாட்ஸ்அப் குழுவுக்குப் போன படம் எங்கெல்லாம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: ரொம்ப நன்றி அக்கா. வகுப்பைப் பிரித்துக்கொள்வது பற்றி அவரிடம் பேசிவிட்டேன், சரி என்றார். பிள்ளைகளின் படிப்பு, பணம் இந்த இரண்டும்தான் இப்போது கவலை.

பதில்: நல்லது. பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். யாரிடமும் பணம் கேட்பதில்லை என்ற கொள்கையோடு இங்கிலாந்து மிஷனெரி ஹட்சன் டெய்லர் 1865-ல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கினார். அதைச் சொல்லிக்கொண்டு கணக்கே வைக்காமல் இருப்பவர்கள் உண்டு. கேட்காமல் இருக்கலாம், கணக்கு வைக்காமல் இருக்கக் கூடாது. வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு, ஊழியச் செலவுக்கு ஒரு கணக்கு என்று வங்கியிலேயே பிரித்துவிடுங்கள். காணிக்கை ஒரு நாட்டுப் பணத்தில் வரும், செலவு இன்னொரு நாட்டுப் பணத்தில் போகும். மாற்று விகிதம் சரிந்தால் யாரும் ஒரு ரூபாய் குறைக்காமலே உங்கள் வருமானம் குறைந்துவிடும். இதை ஆதரவாளர்களுக்கு முன்கூட்டியே விளக்குங்கள். அவசரமாகக் குடும்பத்தோடு திரும்ப வேண்டி வந்தால் டிக்கெட்டுக்கு ஆகும் தொகையைத் தொடாமல் வையுங்கள். சொந்தக்காரர்களுக்கும் நிலைமையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், வெளிநாடு என்றாலே பணம் கொட்டும் என்ற நினைப்பு எளிதில் போகாது.

பிள்ளைகள் விஷயம் அப்படிச் சுருக்கமாக முடியாது. முன்பு ஊழியக்காரர்கள் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சீனாவில் சீஃபூ பள்ளி 1881-ல் இதற்காகவே தொடங்கியது. நல்ல படிப்பு கிடைத்தது, ஆனால் வருஷத்தில் பெரும்பகுதி அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்தார்கள், அந்த வருத்தத்தை முதுமை வரை சுமந்தவர்களும் உண்டு. இப்போது உள்ளூர்ப் பள்ளி, சர்வதேசப் பள்ளி, வீட்டிலேயே படிப்பு என்று வழிகள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளாக இருந்தால் உள்ளூர்ப் பள்ளியே என் முதல் தேர்வு. மொழி தானாக வரும், பிள்ளையின் தோழர்கள் வழியாக உங்களுக்கும் வீடுகள் திறக்கும். பதின்ம வயதில் வந்த பிள்ளைக்கு அது பொருந்தாது. புது மொழியில் பொதுத் தேர்வு எழுதச் சொல்வது கொடுமை. திரும்பிப் போனால் எந்தப் பாடத்திட்டத்தில் சேர முடியும் என்று முன்பே விசாரித்து வையுங்கள்.

வீட்டில் தமிழை விடாதீர்கள். ரூத் யூசீம் என்ற சமூகவியலாளர் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோதுதான் 'மூன்றாம் கலாச்சாரப் பிள்ளைகள்' என்ற பெயர் வந்தது: பெற்றோரின் நாடும் முழுதாகச் சொந்தமில்லை, வளர்ந்த நாடும் முழுதாகச் சொந்தமில்லை. தாத்தா பாட்டியிடம் போனில் சரளமாகப் பேச முடிந்தால் ஒரு பக்கமாவது உறுதியாக இருக்கும். விடுமுறைக்குத் திரும்பும்போது சபை சபையாக மேடையேற்றி "அந்த ஊர்ப் பாஷையில் ஒரு பாட்டு பாடு" என்பார்கள். பிள்ளைக்கு இஷ்டம் இல்லையென்றால் வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் ஊழியக்காரர்கள் அல்ல, ஊழியக்காரரின் பிள்ளைகள்.

கூட இருக்கும் மற்ற மிஷனெரிக் குடும்பங்களோடு உரசல் வரும். வாகனம் யாருக்கு, சாவி யாரிடம் என்று சின்னதில்தான் ஆரம்பிக்கும். கேள்விப்பட்டதை அனுப்பிய கமிட்டிக்கு எழுதும் முன் நேரில் போய்ப் பேசுங்கள்.

கடைசியாக, தடுப்பூசிப் பதிவு, திருமணச் சான்று, பிறப்புச் சான்று எல்லாவற்றுக்கும் சான்றளித்த நகல் எடுத்து வையுங்கள். ஆலயத்தில் கொடுத்த திருமணச் சான்று மட்டும் போதாமல் அரசுப் பதிவு கேட்கும் நாடுகள் உண்டு, சில இடங்களில், சான்று உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு போடும் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டும். ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் வழியாகப் பயணம் இருந்தால் புறப்படுவதற்கு 10 நாளாவது முன்பு ஊசி போட்டிருக்க வேண்டும். 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும், அதனால் அது பதிந்திருக்கும் பழைய மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.